ஊர் நடுவில் கார்களைக் குறைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2017 ஏப்ரல் 3, திங்கட்கிழமை. பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களுக்கு ஊரே வழி மாறியிருந்தது. முந்தின வாரம் வரை நேராகப் போன தெரு, இப்போது பாதியில் நின்றது. புதிதாக மேம்பாலமோ சுரங்கப்பாதையோ கட்டவில்லை. சில தெருக்களின் குறுக்கே தடுப்பு, சில இடங்களில் நம்பர் பிளேட் படிக்கும் கேமரா, புதிய ஒருவழிப் பலகைகள், தரையில் பெயின்ட், அவ்வளவுதான். முதல் ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்தபோது, நெரிசல் நேரத்தில் நகர உட்பகுதியில் ஓடிய கார்கள் சுமார் 12 சதவீதம் குறைந்திருந்தன. சைக்கிளில் போகிறவர்கள் 25 சதவீதம் கூடியிருந்தார்கள்.

கெண்ட் நகரத்தை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊர் நடுவில் காரைக் குறைக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தாலே, "அப்போ காரையே தடை பண்ணச் சொல்றீங்களா?" என்ற கேள்வி வந்துவிடும். கெண்ட்காரர்கள் காரைத் தடை செய்யவில்லை. ஊர் நடுவில் ஒரு கடைக்குப் போக வேண்டுமா, இன்றைக்கும் அதன் அருகில் உள்ள பார்க்கிங் வரை காரில் போகலாம். ஊர் நடுவைக் குறுக்கு வழியாக வைத்துக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்கே போவதைத்தான் முடியாதபடி செய்தார்கள். வருகிறவர் வேறு, கடக்கிறவர் வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மீதி எல்லாம் வரிசையாக வரும். அந்த வரிசைதான் இங்கே முக்கியம். எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில் தவறிய நகரங்கள்தான் பெரும்பாலும் தோற்றிருக்கின்றன.

இந்த வழிகாட்டி ஒரு வார்டு கவுன்சிலருக்கோ, குடியிருப்போர் நலச் சங்கத்துக்கோ, நகரமைப்புப் படிக்கிற மாணவருக்கோ கையில் எடுத்து வேலை செய்ய உதவ வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன்.

படி 1: எண்ணுங்கள்

எண்ணாமல் யாரிடமும் போய்ப் பேசாதீர்கள். "எங்க ஏரியாவில் ஒரே ட்ராஃபிக்" என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதோடு சரி. மூன்று விஷயங்களை எண்ண வேண்டும். மூன்றுக்குமே பெரிய செலவில்லை.

முதலாவது, கடந்து போகிற வண்டிகள். தெருவின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொருவர் நில்லுங்கள். நோட்டில் எழுத ஆரம்பித்தால் கை ஓடாது. போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓட விட்டு, போகிற கார்களின் நம்பரில் கடைசி நான்கு எண்களைச் சொல்லிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணியையும் சொல்லிவிடுங்கள். அரைமணி நேரம் போதும். வீட்டுக்கு வந்து இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த முனையில் நுழைந்து, தெருவைத் தாண்ட ஆகிற நேரத்துக்குள் அந்த முனையில் வெளியே போன எண் எல்லாம் கடந்து போன கார். அவருக்கு உங்கள் தெருவில் ஒரு வேலையும் கிடையாது. அவரைச் சுற்றுச் சாலைக்குத் திருப்பினால் உங்கள் கடைக்காரருக்கு ஒரு ரூபாய் நஷ்டம் வராது. மறுநாள் கூட்டத்தில் இந்த ஓர் எண் உங்கள் கையில் இருந்தால் பேச்சின் போக்கே வேறாக இருக்கும்.

இரண்டாவது, நிற்கிற வண்டிகள். காலை ஏழு மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை தெருவை நடந்து, எந்த இடத்தில் எந்த நம்பர் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் நின்ற அதே நம்பர் மாலை வரை அசையாமல் இருந்தால், அது வாடிக்கையாளருடைய கார் அல்ல. பெரும்பாலும் அங்கேயே கடை வைத்திருப்பவரோ வேலை பார்ப்பவரோ நிறுத்தியது. "பார்க்கிங்கை எடுத்தால் என் கஸ்டமர் வர மாட்டான்" என்கிறவரின் கஸ்டமர் நிற்க வேண்டிய இடத்தை யார் பிடித்திருக்கிறார் என்பது இந்த ஒரு தாளில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கடைக்கு வருகிறவர்கள். கடையிலிருந்து வெளியே வரும் ஐம்பது பேரிடம், எப்படி வந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். கடைக்காரரிடமும் தனியாக, உங்கள் வாடிக்கையாளரில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் இப்படிக் கேட்டபோது, கடைக்காரர்கள் சொன்ன மதிப்பு 41 சதவீதம், உண்மையில் காரில் வந்தவர்கள் 22 சதவீதம். கடைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. கடை வாசலில் நிற்கிற கார் கண்ணில் படுகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருகிறவர் படுவதில்லை.

படி 2: சுற்றுச் சாலை ஒன்று, உள்ளே அறைகள்

இதுதான் திட்டத்தின் உயிர்நாடி. இதைக் கண்டுபிடித்தது கெண்ட் அல்ல. கெண்டுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1977 செப்டம்பரில், நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரம் செய்து காட்டியது. முப்பதைத் தொட்டிருந்த மாக்ஸ் வான் டென் பெர்க் என்ற நகரமன்ற உறுப்பினர் முன்நின்று கொண்டுவந்த திட்டம் அது. நகர மையத்தை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம், பஸ்ஸில் போகலாம். காரில் மட்டும் நேராகப் போக முடியாது. வெளியே சுற்றுச் சாலைக்கு வந்து, சுற்றி, மறுபடி உள்ளே நுழைய வேண்டும். பலகைகளை ஒரே இரவில் மாற்றினார்கள். கடைக்காரர்கள் கொதித்தார்கள். இன்று அந்த ஊர் சைக்கிள் நகரம் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியிருக்கிறது.

கெண்ட் இதையே ஆறு பகுதிகளாகச் செய்தது. நடுவில் கார் இல்லாத மையம், சுற்றி ஆறு அறைகள், அவற்றைச் சுற்றி ஆர்40 என்ற வட்டச் சாலை. வீட்டின் ஹாலைச் சுற்றி அறைகள் இருக்கின்றன, ஆனால் அறைக்கும் அறைக்கும் இடையில் கதவு இல்லை, வாசல் வழியாக வெளியே வந்துதான் அடுத்த அறைக்குப் போக முடியும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். நடக்கிறவருக்கு மட்டும் எல்லாச் சுவரிலும் கதவு உண்டு. அரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற இடத்துக்குக் காரில் போனால் மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்றால், யாரும் சொல்லாமலேயே கால் தெருவில் இறங்கிவிடும்.

உங்கள் ஊரில் செய்ய, வரைபடத்தை விரித்து முதலில் வெளிவட்டத்தைத் தேடுங்கள். அது புதிதாகப் போட வேண்டிய சாலையாக இருக்கக் கூடாது. ஏற்கெனவே பஸ்ஸும் லாரியும் போகிற அகலச் சாலைகளைத் தொட்டுத் தொட்டு ஒரு வட்டம் வருகிறதா என்று பாருங்கள். மதுரையைப் பாருங்கள்! மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று வட்டத்துக்குள் வட்டமாக அமைந்த ஊர் அது. சித்திரை வீதிகளில் வண்டிகள் விடப்படுவதில்லை. கல் பாவிய தரையில் ஜனங்கள் நிம்மதியாக நடக்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு நகரம் தேடிப்பிடித்து உருவாக்கிய வடிவம் நமக்குத் தெருவாகவே கிடைத்திருக்கிறது. வெளி வீதியை வட்டச் சாலையாக வைத்து, மாசி வீதிக்கு உள்ளே குறுக்கே ஓடும் வண்டிகளைத் துண்டித்தால் எப்படி இருக்கும் என்று வரைந்து பார்க்கவாவது வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

இங்கே ஒரு பயம் வரும். இந்தத் தெருவை அடைத்தால் வண்டி எல்லாம் பக்கத்துத் தெருவில் போய் முட்டாதா? கொஞ்சம் முட்டும், முதல் சில வாரங்களில். ஆனால் எல்லாமே அங்கே போவதில்லை. 11 நாடுகளில் சாலையின் இடத்தைக் குறைத்த 70 இடங்களின் கணக்குகளைத் தொகுத்துப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள். பாதி இடங்களில், சுற்றியுள்ள தெருக்களையும் சேர்த்துப் பார்த்த பிறகும், முன்பிருந்த போக்குவரத்தில் 11 சதவீதத்துக்கு மேல் காணாமலே போயிருந்தது. வண்டி தண்ணீர் அல்ல, ஒரு குழாயை அடைத்தால் அடுத்த குழாயில் அதே அளவு பீய்ச்சுவதற்கு. ஓட்டுகிறவர் மனிதர். நேரத்தை மாற்றுவார், இரண்டு வேலையை ஒரே நடையில் முடிப்பார், பஸ் ஏறுவார்.

படி 3: பஸ்ஸை முதலில் கொண்டுவாருங்கள்

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் 2006 ஜனவரி 3ஆம் தேதி நெரிசல் கட்டணத்தை, அதாவது காரில் நகர மையத்துக்குள் வந்துபோக வாங்குகிற கட்டணத்தை, சோதனையாகத் தொடங்கியது. அதற்கு நான்கு மாதத்துக்கு முன்பே, 2005 ஆகஸ்டில், சுமார் 200 புதிய பஸ்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. மாற்று வழி கண் முன்னால் ஓடுகிறது, அதில் ஏறிப் பார்த்தும் ஆயிற்று, அதற்கப்புறம்தான் கட்டணம்.

பஸ் மட்டும் போதாது, பஸ்ஸிலிருந்து கடை வரை போகிற அந்தக் கடைசி முந்நூறு மீட்டரும் வேண்டும். சென்னை தியாகராய நகரில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் 570 மீட்டர். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி, ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபடாமல், ரயிலிலிருந்து இறங்கியவர் பஸ் வரை போகலாம். நல்ல வேலைதான். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. நடக்கிறவரை மேலே ஏற்றிவிட்டுத் தரையை வண்டிக்குக் கொடுப்பது பழக்கமாகிவிடக் கூடாது. முழங்கால் வலிக்காரருக்குத் தரைதான் சுலபம்.

படி 4: பார்க்கிங்

கார் நிற்க இடம் இருக்கும் வரை கார் வரும். அதனால் ஊர் நடுவில் கார்களைக் குறைக்க நினைக்கிறவர் எப்படியும் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். சண்டை வருகிற இடமும் இதுதான்.

தெருவோரத்தில் நிற்கிற ஒரு கார் சுமார் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டரை சதுர மீட்டர்! அந்த அளவு இடத்தை ஊர் நடுவில் கடையாக வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். காருக்கு மட்டும் நாள் முழுக்க இலவசமாகவோ, மணிக்கு ஒரு டீ, வடை விலைக்கோ கொடுக்கிறோம். கட்டணம் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் எளிமையான அளவுகோல் ஒன்றைச் சொன்னார்: எந்த நேரத்திலும் ஏழெட்டு இடத்தில் ஒன்று காலியாக இருக்கும்படி விலையை வையுங்கள். எப்போதும் நிரம்பி வழிந்தால் கூட்டுங்கள், காலியாகவே கிடந்தால் குறையுங்கள். இடம் தேடித் தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிற கார்கள் அதிலேயே குறைந்துவிடும்.

அடுக்குமாடி பார்க்கிங் பற்றி ஓர் எச்சரிக்கை. அது கட்டுவதில் தப்பில்லை. ஆனால் மாடியில் 200 இடம் திறக்கிற அன்றே, சுற்றியுள்ள தெருக்களில் 200 இடம் எடுக்கப்பட வேண்டும். எடுக்காவிட்டால் நீங்கள் செய்தது, ஊர் நடுவுக்கு இன்னும் 200 கார்களை அழைத்தது மட்டுமே. தெருவோரம் மலிவாகக் கிடைக்கும்போது யார் மாடி ஏறுவார்கள்? தெருவில் விலை அதிகம், மாடியில் குறைவு என்று இருக்க வேண்டும். நடைமுறையில் பல ஊர்களில் இது தலைகீழாக இருக்கிறது.

ஓஸ்லோ நகர மையத்தில் தெருவோரப் பார்க்கிங் இடங்கள் சுமார் 700ஐ எடுத்தார்கள். எடுத்த இடத்தைச் சும்மா விடவில்லை. மரம், பெஞ்சு, சைக்கிள் பாதை வந்தன. சிலவற்றை மாற்றுத்திறனாளிகள் கார் நிறுத்தவும், சரக்கு இறக்கவும் ஒதுக்கினார்கள். காலி இடத்தில் அன்றைக்கே ஏதாவது வந்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு வாரத்தில் அங்கே டூ வீலர் நிற்கும்.

படி 5: நடைபாதை

சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. தியாகராய சாலையில் கார்கள் ஓடுகிற அகலத்தைக் குறைத்து, இருபுறமும் நடைபாதையை அகலப்படுத்தினார்கள். சாயங்காலம் அங்கே போய்ப் பாருங்கள். பாட்டி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஜவுளிக்கடைப் பை. பேத்தி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடுகிறாள். யாரும் அவள் கையை இறுக்கிப் பிடித்திருக்கவில்லை. நம் ஊர்க் கடைத்தெருவில் குழந்தையின் கையை விட்டுவிட்டு நிற்க முடிகிறது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே மாட்டேன்.

அங்கே மிச்சம் இருக்கிற வேலையும் தெரியும். நடுவில் கார் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. படி 2இல் சொன்ன துண்டிப்பு அங்கே நடக்கவில்லை. அதனால் நடைபாதைக்கு அகலம் கிடைத்தது, தெருவுக்கு அமைதி கிடைக்கவில்லை.

அளவுகளைப் பொறுத்தவரை, சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டுதலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம். எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் வந்தால் விலகிப் போகிற அளவு அது. மரம், மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் இந்த 1.8க்கு வெளியே இருக்க வேண்டும். உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முழங்கால் உயரத்துக்குக் கட்டி வைத்தால் ஜனங்கள் சாலையில்தான் நடப்பார்கள், அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

தள்ளுவண்டிக்காரரையும் பூக்காரம்மாவையும் அப்புறப்படுத்திவிட்டு நடைபாதை போடுவது நியாயமும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை. அவர்கள் இருக்கிற தெருவில்தான் இரவு ஒன்பது மணிக்கும் ஒரு பெண் தைரியமாக நடக்கிறாள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அமைகிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத உறுப்பினர்கள் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும். வரைபடம் போடும்போதே அந்தக் குழுவை உட்கார வைத்து, யாருக்கு எந்த இடம் என்று கோடு போட்டுவிடுங்கள்.

படி 6: கட்டாயம் உள்ளே வர வேண்டியவர்கள்

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, உள்ளே குடியிருப்பவர், நடக்க முடியாதவரை ஏற்றி வரும் ஆட்டோ, குப்பை வண்டி, சரக்கு. இவர்களுக்கு வழி எழுதாத திட்டம் முதல் வாரத்திலேயே உடைந்துவிடும். கெண்ட் நடைபாதைப் பகுதியில் சரக்கு வண்டிகள் மாலை 6 மணிக்கு மேல், காலை 11 மணிக்குள் வந்துபோகலாம். நம் ஊரில் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டிக்கு இதே மாதிரி ஒரு நேரம் வைத்தால் போதும். துண்டிக்கும் இடத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பாதீர்கள்; ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சாவியால் திறக்கிற மடக்குத் தூணோ, கேமராவோ வையுங்கள். அவசரத்துக்கு வழி இருக்கிறது என்பதை முதல் நாளே ஆம்புலன்ஸை ஓட்டிக் காட்டிவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கும்.

படி 7: கட்டணம், தேவைப்பட்டால்

நுழைவுக் கட்டணத்தில் உலகத்துக்கே முன்னோடி சிங்கப்பூர். அங்கே இருக்கிற வாசகர்களுக்குத் தலைக்கு மேல் நிற்கிற இஆர்பி (மின்னணு சாலைக் கட்டணம்) வளைவுகள் பழகிப்போயிருக்கும். 1998இல் அவை வருவதற்கு முன்னால் எல்லாமே காகிதம்தான். 1975 ஜூனில், காலை நெரிசலில் நகர மையத்துக்குள் நுழைய ஒரு நாளுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து உரிமச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். நான்கு பேர் ஏறி வந்தால் கட்டணம் இல்லை. நுழைவாயிலில் காவலர்கள் நின்று கண்ணால் பார்த்தார்கள். உள்ளே வரும் வண்டிகள் சட்டென்று குறைந்தன. அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. முதலில் காலை 7.30 முதல் 9.30 வரை வைத்தார்கள். 9.30க்கு எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தார்கள். சில வாரத்திலேயே 10.15 வரை நீட்டிவிட்டார்கள். எல்லையில் காரை விட்டுவிட்டுப் பஸ் ஏறட்டும் என்று கட்டிய பார்க்கிங் இடங்கள் பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. ஜனங்கள் வீட்டிலிருந்தே பஸ் ஏறினார்கள், அல்லது சேர்ந்து ஒரே காரில் வந்தார்கள்.

பஸ் போதாத ஊரில் கட்டணத்தை முதல் படியாக வைக்காதீர்கள். வசூலாகிற பணம் எங்கே போகிறது என்பதும் தெருவில் தெரிய வேண்டும். லண்டனில் 2003இல் கட்டணம் வந்தபோது, அதன் வருமானத்தைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.

படி 8: முதலில் சோதனை, அப்புறம் வாக்கெடுப்பு

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் 2005இல், கட்டணம் வேண்டுமா என்று முன்கூட்டியே மக்களிடம் கேட்டது. 74 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். திட்டம் அதோடு முடிந்தது. ஸ்டாக்ஹோம் ஏழு மாதம் நடத்திக் காட்டிவிட்டு, நிறுத்திவிட்டு, அதன் பிறகு 2006 செப்டம்பரில் கேட்டது. சோதனையின்போது எல்லைக்கோட்டைக் கடந்த வண்டிகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தன. ஜூலை முடிவில் நிறுத்தியதும் வண்டிகள் திரும்பி வந்ததை மக்களே பார்த்தார்கள். நகரத்தில் பெரும்பான்மை வேண்டும் என்றது. 2007 ஆகஸ்டிலிருந்து அது நிரந்தரம்.

இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டால், போகப்போவது மட்டும்தான் மனதில் தெரியும். வரப்போவதை யாரும் பார்த்ததில்லையே. அதனால் ஆறு மாதத்துக்கு, எடுத்துவிடக்கூடிய பொருள்களை வைத்துச் செய்யுங்கள். மரத்தொட்டி, பெயின்ட், பிளாஸ்டிக் தூண் போதும். ஒரு மாதத்தில் கைவிட்டுவிடாதீர்கள். முதல் மாதம்தான் மிக மோசமாக இருக்கும்.

கடைக்காரர்களிடம் நீங்கள்தான் முதலில் போக வேண்டும். செய்தித்தாளில் படித்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. படி 1இல் எடுத்த தாள்களைக் கொண்டு போங்கள். ரங்கநாதன் தெருவைப் பற்றிப் பேசுங்கள். ஒரு கார் நிறுத்த இடமில்லாத தெரு அது. பண்டிகைக்கு முந்தின வாரம் அங்கே கால் வைக்க இடம் கிடைக்காது. வாசலில் ரயில் நிலையம் இருக்கிறது, ஜனங்கள் நடந்து வருகிறார்கள், பை நிறைய வாங்கிப் போகிறார்கள். ஸ்பெயினின் பொன்டெவெத்ரா நகரத்தில் 1999இல் மேயரான மிகெல் அன்ஷோ ஃபெர்னாண்டெஸ் லோரெஸ், பதவிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பழைய நகரின் மூன்று லட்சம் சதுர மீட்டரை நடப்பவர்களுக்கு ஒதுக்கினார். அப்போது எதிர்ப்பு இல்லாமலா இருந்தது? அடுத்தடுத்த தேர்தல்களில் அதே ஊர் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது. அந்த ஊரில் மெட்ரோ ரயில் வரைபடம் போலவே ஒரு வரைபடம் உண்டு. ரயில் நிலையத்துக்குப் பதில் சந்தை, பூங்கா, சதுக்கம். நடுவில் கோட்டின் மேல் நடக்க ஆகிற நிமிடங்கள். இதை உங்கள் ஊருக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நடந்து பார்த்துப் போட்டுவிடலாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து காய்கறிச் சந்தை 6 நிமிடம், அங்கிருந்து கோயில் 4 நிமிடம். அச்சடித்து ஒவ்வொரு கடையிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் கழிந்ததும் அதே இரண்டு முனைகளில், அதே கிழமை, அதே நேரத்தில் போய் நின்று மறுபடி எண்ணுங்கள். எந்தச் சந்தில் எதிர்பாராமல் வண்டி கூடியிருக்கிறதோ அங்கே ஒரு மரத்தொட்டியை நகர்த்தி வையுங்கள். எந்தத் தொட்டி பால் வண்டிக்கு இடைஞ்சலாக இருக்கிறதோ அதைப் பத்தடி தள்ளி வையுங்கள். அதற்கு அடுத்த மாதம் இன்னொரு முறை எண்ணுங்கள்.